களைத்த கையோடு மட்டையைத் தூக்கிப் பாருங்கள்

கிரிக்கெட் மட்டை வாங்கப் போகிற பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வெயிட் எடுக்கலாம் அண்ணா?" என்பதுதான். அடுத்தது, எட்ஜ், அதாவது மட்டையின் பக்கவாட்டு விளிம்பு, எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பது. நான் பல வருடம் கிளப் அணியில் தொடக்க ஆட்டக்காரனாக ஆடியவன். இப்போது மாலை வலைப்பயிற்சியில் சிறுவர்களுக்குப் பந்து போட்டுக்கொடுத்து, பக்கத்தில் நின்று திருத்துகிறேன். அதனால் யார் மட்டை வாங்கக் கிளம்பினாலும் துணைக்குக் கூப்பிடுவார்கள். வாங்கும்போது கையில் பிடித்துப் பார்த்த மட்டைகளே பிறகு வலையில் எப்படி ஆடுகின்றன என்று தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு இதனால் எனக்குக் கிடைத்தது. அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எடையைக் கேட்கும் பையனிடம் நான் திருப்பிக் கேட்பது: எந்தப் பந்தில் ஆடப்போகிறாய்? எந்த ஆடுகளம்? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஆடுவாய்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கடையில் பாதி மட்டைகள் தானாகவே விலகிவிடும்.

பந்திலிருந்து தொடங்கலாம். ஆண்களுக்கான லெதர் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். டென்னிஸ் பந்து மட்டையில் படும்போது நசுங்குவது பந்துதான். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. லெதர் பந்து படும்போது மரமும் இம்மியளவு உள்வாங்கி வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் லெதர் பந்து மட்டையின் முகத்தை, அதாவது பந்து படும் பக்கத்தை, தயாரிக்கும்போதே உருளையில் கொடுத்து அழுத்துகிறார்கள். அழுத்தம் குறைந்தால் முகம் பள்ளம் விழும். கூடினால் மரம் இறுகிப்போய்ப் பந்து எழும்பாது. டென்னிஸ் பந்து மட்டையில் இந்தக் கவலையெல்லாம் இல்லை. முதுகைக் குடைந்து எடையைக் குறைத்திருப்பார்கள், வீச்சு வேகம் கிடைக்கும், தூக்கி அடிக்க வசதி. அந்த மட்டையோடு லெதர் பந்துக்குப் போனால் காலடியில் வந்து விழும் ஒரே யார்க்கரில் அடிநுனி பிளந்துவிடும். எதிர்த் திசையிலும் இதே கதைதான்: லெதர் பந்துக்கென்று வில்லோ மரத்தில் செய்த நல்ல மட்டையைக் கொண்டுபோய்க் கெட்டியான கார்க் பந்திலும், பந்து வீசும் இயந்திரத்தின் பிளாஸ்டிக் பந்திலும் ஆடினால் முகம் சீக்கிரம் வெடித்துப்போகும். லெதர், டென்னிஸ் இரண்டு வகையும் ஆடுகிறவர்கள் இரண்டு மட்டை வைத்துக்கொள்வதே நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால், கடினமான பந்துக்கு ஏற்றதை வாங்கி அதிலேயே டென்னிஸ் பந்தையும் ஆடலாம். கொஞ்சம் கனமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இனி எடை. பெரியவர்களுக்கான மட்டைகளில் நிறைய பேர் எடுப்பது 1130 முதல் 1250 கிராமுக்குள், அதாவது 2 பவுண்டு 8 அவுன்ஸிலிருந்து 2 பவுண்டு 12 அவுன்ஸ் வரை. டான் பிராட்மன் ஆடியது 2 பவுண்டுக்குச் சற்று மேலான மட்டை. சச்சின் டெண்டுல்கர் ஆடியது 3 பவுண்டைத் தாண்டிய மட்டை. இருவரும் எப்படி ஆடினார்கள் என்று நமக்குத் தெரியும். ஆக, எடைக்கும் நல்ல ஆட்டத்துக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. அந்தக் கைக்கு அந்த எடை ஒத்துவந்தது.

தராசு காட்டும் எடையும் கை உணரும் எடையும் வேறு வேறு. ஒருமுறை ஒரே மாதிரி தெரிந்த இரண்டு மட்டைகளைத் தராசில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் 1180 கிராம். பக்கத்தில் இருந்த பையனிடம் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். முதல் மட்டையைத் தூக்கியதும் முகம் மலர்ந்தது. இரண்டாவதைத் தூக்கும்போது மணிக்கட்டு லேசாகச் சாய்ந்து, அடிநுனி தரையைப் பார்த்துப் போனது. "இது ஒரு கால் கிலோ கூட இருக்கும்" என்று உறுதியாகச் சொன்னான். காரணம், இரண்டாவதில் மரம் கீழ்ப்பக்கமாகத் திரண்டிருந்தது. நாம் மட்டையைப் பிடிப்பது ஒரு முனையில், சுழற்றுவதும் அந்த முனையைச் சுற்றித்தான். பிடியிலிருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுழற்றும் சிரமம் கூடும். அடிநுனியில் இருக்கும் 30 கிராம் மரம் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் 30 கிராமைவிடப் பல மடங்கு பாரமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இதைத்தான் ஆடுகிறவர்கள் பிக்கப் என்கிறார்கள். பிக்கப் நன்றாக இருந்தால் 1220 கிராம் மட்டையும் பூப்போல எழும்பும். சரியில்லை என்றால் 1130 கிராமே தோளைப் பிடித்து இழுக்கும்.

பேஸ்பால் ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கில் பாதியை ஒரு எண்ணாகவே வைத்திருக்கிறார்கள். மட்டையின் நீளம் எத்தனை அங்குலமோ, அதற்கும் எடை எத்தனை அவுன்ஸோ அதற்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்கிறார்கள். 33 அங்குலம், 30 அவுன்ஸ் என்றால் மைனஸ் 3. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் உலோக மட்டைக்கு மைனஸ் 3-ஐவிட இலேசாக இருக்கக்கூடாது என்ற விதியே உண்டு. வயது குறைந்த பிள்ளைகளுக்கு மைனஸ் 8, மைனஸ் 10 என்று இலேசானவை கிடைக்கும். ஆனால் அந்த எண்ணும் எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அங்கேயும் கடைசியில் கையில் வாங்கிச் சுழற்றித்தான் ஆக வேண்டும்.

கடையில் மட்டையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் செய்வது இரண்டு கையாலும் பிடித்து இரண்டு மூன்று முறை காற்றில் வீசுவது. அதில் ஒன்றும் தெரியாது. புத்துணர்ச்சியோடு இருக்கும் கைக்கு எல்லா மட்டையும் இலேசுதான். நான் செய்யச் சொல்வது வேறு. மேல்கையால் மட்டும், அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கையால் மட்டும், மட்டையைப் பிடித்து நேராகப் பின்னால் தூக்கி, முன்காலை வைத்து மெதுவாக நேர் டிரைவ் அடிப்பது போல இறக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை. மட்டையின் முகம் திரும்பாமல், முழங்கை கீழே விழாமல் வருகிறதா என்று கூட வந்தவர் எதிரில் நின்று பார்க்க வேண்டும். ஐந்தாறு முறைக்குள் மட்டை கல்லியை, அதாவது ஆஃப் பக்கம் சற்றுப் பின்னால் ஃபீல்டர் நிற்கும் இடத்தை, பார்த்துச் சாய ஆரம்பித்தால் அந்த மட்டை வேண்டாம்.

அதைவிடச் சிறந்த வழி, பயிற்சி முடிந்த கையோடு கடைக்குப் போவது. வலையில் முக்கால் மணி நேரம் ஆடி, தோளும் முன்கையும் தளர்ந்திருக்கும்போது மட்டையைத் தூக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆட்டத்தில் நாம் அவுட் ஆகிற பந்துகளை யோசித்துப் பாருங்கள். முதல் பத்துப் பந்தைத் தாண்டிவிட்டால், பெரும்பாலும் உடம்பு சோர்ந்து கை ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக வரும் நேரத்தில்தான் விக்கெட் போகிறது. 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பந்துவீச்சாளரின் கையை விட்டு நம்மை அடைய அரை நொடிதான் ஆகும். அதில் பந்தைப் பார்த்து முடிவெடுத்தது போக மட்டையை இறக்க மிஞ்சுவது கொஞ்ச நேரமே. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் களைத்த கை மட்டையை எங்கே கொண்டுவருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நாற்பது பந்து ஆடிய பிறகும் நேராக இறங்குகிற மட்டையே உங்களுடைய மட்டை.

கையில் ஏற்கெனவே இருக்கும் மட்டை கனமா என்று கண்டுபிடிக்கவும் வலையின் கடைசி பத்து நிமிடத்தைப் பார்த்தால் போதும். கனமான மட்டையோடு ஆடும் பையன் பந்துக்குப் பந்து இடைவெளியில் மட்டையைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்து நிற்பான். பின்னுக்குத் தூக்கும்போது மட்டை பாதியிலேயே நின்றுவிடும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் அடிக்கப் போன பந்துகள் விளிம்பில் பட்டுப் பின்னால் தேர்ட் மேன் பக்கம் ஓடும். "டைமிங் வரல அண்ணா" என்பான். டைமிங் முதல் அரை மணி நேரம் வந்துகொண்டுதான் இருந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு வருத்தம் தருவது, வளர்ந்துவிடுவான் என்று ஒரு அளவு பெரிய மட்டை வாங்கிக் கொடுப்பது. சட்டை, செருப்பு வாங்கும் கணக்கு இதற்குச் சரிப்படாது. எங்கள் பயிற்சிக்கு ஒரு பையன் வந்தான், ஆறாம் வகுப்பு. அவன் உயரத்துக்கு 5-ஆம் எண் மட்டை போதும். அப்பா ஹாரோ அளவு வாங்கிக் கொடுத்திருந்தார். அது பெரியவர்களின் மட்டைக்கு ஒரு படி கீழே. அவன் நிற்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் கைப்பிடியின் அடியில், மரம் தொடங்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே நான்கு விரல் அகலத்துக்குக் கைப்பிடி சும்மா நீட்டிக்கொண்டு வயிற்றில் முட்டியது. அந்த முட்டலைத் தவிர்க்க முன் முழங்கையை வெளியே தள்ளி வைத்திருந்தான். நேராக வரும் பந்தையெல்லாம் மட்டையைக் குறுக்காக வீசி, கிராஸ் பேட்டில் லெக் பக்கம் இழுத்தான். இரண்டு மாதமாக எல்லோரும் அவனிடம் "ஸ்ட்ரெய்ட்டா ஆடு, ஸ்ட்ரெய்ட்டா ஆடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பையிலிருந்து ஒரு பழைய 5-ஆம் எண் மட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் பந்தில் தடுமாறினான், சீக்கிரமே மட்டையை இறக்கிவிட்டான். அப்புறம் வந்த பந்து நேராக என் பக்கமே தரையோடு வந்தது. அவன் முழங்கை அப்போதுதான் சரியான இடத்துக்கு வந்தது. அப்பா வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னது இதுதான்: பெரிய மட்டைக்கு அவன் வளர்வதற்குள் தப்பான பழக்கமும் கூடவே வளர்ந்துவிடும், அதை எடுப்பது பிறகு பெரிய பாடு. அவர் புரிந்துகொண்டார்.

அளவு பார்க்க உயர அட்டவணை இருக்கிறது, அதைத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதோடு, ஸ்டான்ஸில், அதாவது பந்தை எதிர்கொள்ளும் நிலையில், நிற்க வைத்துப் பாருங்கள். மட்டையின் அடிநுனி பின்கால் விரல்களுக்குப் பக்கத்தில் தரையைத் தொட வேண்டும், கண்கள் கிடைமட்டமாக இருக்க வேண்டும், முதுகு அதிகம் வளையக்கூடாது. கைப்பிடி வயிற்றிலோ முன் தொடையிலோ இடித்தால் நீளம். தலை ஆஃப் பக்கம் சரிந்து குனிந்து நின்றால் குட்டை. இரண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். சிறுவர்களுக்கான பந்தே 133 முதல் 144 கிராம்தான். அதை அடிக்கப் பெரியவர்களின் மரம் தேவையில்லை.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர் புது மட்டை வாங்கும்போது என் முதல் வேலை அவருடைய பழைய மட்டையை வாங்கிப் பார்ப்பது. அதன் முகத்தில் பந்து பட்ட சிவப்புத் தடங்கள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று பாருங்கள். நாம் எங்கே அடிக்கிறோம் என்று நாம் நினைப்பதும் மட்டை சொல்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. தடங்கள் அடிநுனியிலிருந்து ஒரு கை அகலத்துக்குள் குவிந்திருந்தால் நீங்கள் பந்தை எட்டிப் பிடித்து ஆடுகிறீர்கள், அல்லது உங்கள் ஆடுகளத்தில் பந்து தாழ்வாக வருகிறது. நடுவுக்கு மேலே, ஸ்டிக்கர் பக்கம் குவிந்திருந்தால் பந்து எழும்புகிறது, நீங்கள் பின்காலில் நிறைய ஆடுகிறீர்கள். வெளி விளிம்பை ஒட்டியே தடம் நீண்டுபோனால் மட்டை தாமதமாக வருகிறது, அதாவது கனம் அதிகம். உள் விளிம்பில் என்றால், பெரும்பாலும் கீழ்க்கை மட்டையை இழுக்கிறது. கைப்பிடி மெலிதாக இருக்கிறதா என்று சந்தேகப்படுவேன்.

இந்தத் தடங்களை வைத்துத்தான் மட்டையின் முதுகு எங்கே திரண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறேன். முதுகில் மரம் அதிகம் உள்ள பகுதிக்கு நேர் முன்னால்தான் ஸ்வீட் ஸ்பாட் அமையும். அந்த இடத்தில் பந்து பட்டால் கையில் அதிர்வே தெரியாது. மெதுவான, தாழ்ந்த ஆடுகளத்துக்கு அது கீழே இருப்பது உதவும். சிமென்ட் தளம், மேட் விரித்த தளம், புல் உள்ள கெட்டித் தளம் என்று பந்து எழும்பும் இடங்களுக்கு நடுவிலோ கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும். ஆனால் கீழே திரண்ட மட்டைக்குப் பிக்கப் கனமாகும் என்பதை மறக்கக்கூடாது. தாழ்ந்த ஆடுகளத்தில் ஆடுகிறவர் மொத்த எடையில் ஒரு அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ் குறைத்துக்கொண்டால் சமமாகிவிடும். எல்லா இடத்திலும் ஆடுகிறேன் என்பவர்கள் நடுவில் திரண்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு மரத்துக்குச் சமமாக இதுவும் முக்கியம். கைப்பிடி பிரம்பு, நடுநடுவே ரப்பரோ தக்கையோ வைத்து ஒட்டி, மட்டையின் தோளுக்குள் வி வடிவில் செருகியிருப்பார்கள். வட்டமாக இருப்பது மேல்கைக்கு இதமாக இருக்கும். முட்டை வடிவில் இருப்பது கீழ்க்கைக்கு மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தடவியே சொல்லிவிடும். தடிமன் உங்கள் உள்ளங்கையைப் பொறுத்தது. பிடித்தால் மேல்கையின் விரல் நுனிகள் உள்ளங்கையில் ஆழமாகக் குத்தினால் மெலிது. கைப்பிடி மேல் மாட்டும் ரப்பர் உறையான கிரிப் இன்னொன்று போட்டுச் சரிசெய்யலாம். கூடுதல் கிரிப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. எடை மேல் முனையில் ஏறுவதால் கீழே இழுக்கும் மட்டை கொஞ்சம் சமநிலைக்கு வரும். பிக்கப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய மட்டையை இப்படி மீட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தடித்த பிடியை மெலிதாக்குவதோ லேசில் நடக்காது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: மட்டை பார்க்கப் போகும்போது கையுறையையும் பேடையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையில் பிடிப்பதும் கையுறையோடு பிடிப்பதும் இரண்டு வேறு மட்டை. பேடு கட்டி நின்றால்தான் நீளம் இடிக்கிறதா என்பதும் தெரியும். நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம்.

மரத்தைப் பற்றி நீளமாகப் பேசுவார்கள், நான் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இங்கிலீஷ் வில்லோ இலேசு, மிருது, பந்தை நன்றாகத் தள்ளும். காஷ்மீர் வில்லோ அடர்த்தி கூடுதல், அதனால் அதே பருமனுக்குக் கனம் கூடும், அடி தாங்கும். கற்றுக்கொள்ளும் வயதில் காஷ்மீர் வில்லோ தாராளமாகப் போதும். முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ரேகைகள் மரத்தின் வருடக் கணக்கு. நெருக்கமான ரேகை உள்ளது சீக்கிரம் பழகிப் பந்தைத் தள்ளும், ஆனால் ஆயுள் குறைவு. அகலமான ரேகை உள்ளது பழக நேரம் எடுக்கும், நீண்ட நாள் உழைக்கும். கிரேடு 1, கிரேடு 2 என்பதில் பெரும்பங்கு அழகுதான். ஓரத்தில் செம்பழுப்பு நிறம் ஏறிய மரம், பட்டாம்பூச்சிக் கறை விழுந்த மரம் எல்லாம் கிரேடு குறைத்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் நன்றாக அடிக்கிற மட்டைகள் எத்தனையோ. கண்ணை விட்டுக் காதை நம்புங்கள். பழைய பந்து ஒன்றை மட்டையின் முகத்தில் மெதுவாகத் தட்டித் தட்டி எழுப்பிப் பாருங்கள். அடிநுனியிலிருந்து மேலே வரை இடம் மாற்றி மாற்றித் தட்டினால், ஓரிடத்தில் பந்து சட்டென்று துள்ளி, ஓசையும் தெளிவாக வரும். அந்தத் துள்ளல் ஒரு புள்ளியோடு நின்றுவிடாமல் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தால் நல்ல மட்டை.

தடித்த எட்ஜ் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டையின் அளவைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவது புதிதல்ல. 1771-இல் இங்கிலாந்தில் செர்ட்சி அணியின் வைட் என்பவர் ஸ்டம்புகளை மறைக்கும் அகலத்துக்கு ஒரு மட்டையோடு ஹாம்பிள்டன் அணிக்கு எதிராக ஆட வந்தார். அதன் பிறகுதான் அகலம் நாலேகால் அங்குலம் என்று வரையறுத்தார்கள். இன்றுவரை அதே அளவுதான், 10.8 சென்டிமீட்டர். 1979-இல் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு வந்து தகராறு ஆனபின், பந்தை அடிக்கும் பகுதி மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதினார்கள். 2017 அக்டோபரிலிருந்து விளிம்பு 40 மில்லிமீட்டருக்கும், மொத்தத் தடிமன் 67 மில்லிமீட்டருக்கும் மேல் போகக்கூடாது. நீளத்துக்கு உச்சவரம்பு 38 அங்குலம், அதாவது 96.52 சென்டிமீட்டர். அந்த 40-ஐத் தொடும் எட்ஜும் வேண்டும், எடையும் குறைவாக வேண்டும் என்று கேட்டால், தயாரிப்பவர் மரத்தை அதிகமாக உலர்த்தியாக வேண்டும், அல்லது முகத்தை லேசாக அழுத்திவிட வேண்டும். இரண்டிலும் மட்டை சீக்கிரம் விரிசல் விடும். எட்ஜ் பருத்திருப்பது விளிம்பில் பட்ட பந்து கொஞ்சம் தூரம் போக உதவும். மாதம் ஒரு புது மட்டை எடுக்கும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது சரி. ஒரே மட்டையை மூன்று நான்கு வருடம் வைத்து ஆட நினைப்பவர் 36, 37 மில்லிமீட்டரோடு நிறைவடையலாம்.

வாங்கியாயிற்று, இனி பழக்க வேண்டும். இப்படி அடித்துப் பழக்குவதுதான் நாக்கிங். "நாக்கிங் செய்து வந்தது" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் நான் அதை நம்பி நேரே ஆட்டத்துக்கு அனுப்புவதில்லை. பாதுகாப்புத் தாள் ஒட்டாத மட்டை என்றால் முதலில் ஆளி விதை எண்ணெய். பஞ்சில் ஒரு தேக்கரண்டி அளவுதான். முகம், விளிம்பு, அடிநுனி எல்லாம் மெல்லிசாகத் தடவி, முகம் மேலே பார்க்கக் கிடையாக ஒரு நாள் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் எண்ணெய் அடிநுனிக்கு இறங்கிவிடும். கைப்பிடி செருகியிருக்கும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது, ஒட்டு விட்டுப்போகும். இரண்டு மூன்று முறை தடவினால் போதும். அதிகம் குடித்த மட்டை கனத்துப்போய், அடிக்கும்போது மந்தமாகச் சத்தம் போடும். தாள் ஒட்டியதற்கு எண்ணெய் தேவையில்லை. விளிம்பும் அடிநுனியும் திறந்திருந்தால் அங்கே மட்டும் கொஞ்சம்.

அப்புறம் மரச்சுத்தியல். முதலில் முகம் முழுக்கச் செல்லமாக, போகப்போகக் கொஞ்சம் அழுத்தமாக. முக்கியமானது விளிம்புகள். நேராக விளிம்பில் அடிக்காமல் 45 பாகைச் சாய்வில், ஓரம் மெல்ல உருண்டு வரும்படி அடிக்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் தொடங்குவது அந்த ஓரத்தில்தான். அடிநுனியின் அடிப்பாகத்தில் ஒரு அடிகூட அடிக்கக்கூடாது. முதுகுப் பக்கமும் அப்படியே. நாலைந்து மணி நேர வேலை, ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் அடித்தால் மரம் நிதானமாக இறுகும். சத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் மொத்தையாகக் கேட்பது நாளாக ஆகக் கணீரென்று மாறும். அந்த மாற்றம் வந்ததும் பழைய, மென்மையான லெதர் பந்தில் தட்டிக்கொடுத்து ஆடுங்கள். முகத்தில் தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் மறுபடி சுத்தியலுக்குப் போக வேண்டும். பதியவில்லை என்றால் வலையில் புதுப் பந்தை ஆடலாம்.

வைத்துக்கொள்ளும் விதத்துக்கு வந்தால், ஈரமும் வெப்பமும்தான் எதிரிகள். ஈரத் தரையில் ஊன்றி நின்றால் அடிநுனி தண்ணீரைக் குடித்து வீங்கும், பிறகு பிளக்கும்; அடியில் ரப்பர் காப்பு ஒட்டுவது அதற்காகத்தான். மூடிய வண்டியில் வெயிலில் விட்டால் மரம் காய்ந்து முறுகிவிடும். ஆட்டம் முடிந்ததும் துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

முகத்தில் நூல் போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஆடுகிற மட்டையில் அது வரத்தான் செய்யும். விளிம்பில் செதில் தூக்கினால் உடனே பசை வைத்து அமுக்கி, நாரிழை டேப் சுற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த அடியில் அந்தச் செதிலோடு மரமும் பெயர்ந்து வரும். கைப்பிடி முறிந்தால் மட்டை போயிற்று என்று ஒதுக்கிவிடாதீர்கள், முகம் நன்றாக இருந்தால் தேர்ந்த கைவினைஞர் வேறு கைப்பிடி செருகித் தருவார். அப்படி மாற்றும்போது கைப்பிடியின் வடிவமும் தடிமனும் பழையது போலவே வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், முடிந்தால் முறிந்த துண்டையும் கூடவே அனுப்புங்கள். திரும்பி வந்ததும் தராசில் ஏற்றுவதற்கு முன் மேல்கையால் தூக்கிப் பாருங்கள். புதுப் பிரம்பு பழையதைவிடக் கனமாகவோ இலேசாகவோ இருந்தால் பிக்கப் மாறியிருக்கும். மாறியிருந்தால் கிரிப்பைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிட்டு ஆட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.